திட்ட முடிகிற இடம்

இன்று காலை வேலைக்கு வந்தபோது எனாமல் பெயிண்ட் வாடை தெருமுனையிலேயே மூக்கில் ஏறியது. அடுத்த வாரம் டிரஸ்டிகள் வருகிறார்களாம். கராடியில் இருக்கும் இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக் கிளைக்கு அவர்கள் வழி தவறிக்கூட வந்ததில்லை. பக்கத்து மென்பொருள் கம்பெனி ஏதோ நன்கொடை தரப்போகிறது, கைகுலுக்கிப் படம் எடுக்க ஒரு சுவர் வேண்டும், அவ்வளவுதான். குழந்தைகளுக்கான இருமல் மருந்து தீர்ந்துபோய் நான் மூன்று தடவை கேட்டுவிட்டேன். அது வரவில்லை. பெயிண்ட் வந்துவிட்டது.

பெயிண்டர் சன்னல் கதவுகளைச் சாத்திவைத்து அடிக்கத் தொடங்கியிருந்தான். தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் போய் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். "தூசி ஒட்டும் சிஸ்டர்" என்றான். ஒட்டட்டும் என்றேன். காய்கிற வரைக்கும் அங்கேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கு அங்கேயே கட்டுப் போட்டு, அங்கேயே ஊசி போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவன் நினைத்திருப்பான். உனக்குத் தெரியும், எதற்காக உட்கார்ந்திருந்தேன் என்று. அதனால்தான் உனக்கு எழுதத் தோன்றியது. நீ போய் மூன்று வருடமாகிறது. உன்னைப் பற்றி மேடையில் பேசியவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். இனி நான் பேசலாம்.

நாம் நர்சிங் முடித்து வெளியே வந்த தொண்ணூறுகளின் கடைசி நினைவிருக்கிறதா? மற்ற பெண்கள் எல்லாரும் கிடைத்த முதல் இடத்தில் சேர்ந்துகொண்டார்கள். நீ மட்டும் சேரவில்லை, என்னையும் சேர விடவில்லை. உன் அண்ணனின் பழைய மொபெட்டில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கட்கியிலிருந்து வானவடி, வானவடியிலிருந்து கோத்ரூட் என்று ஊரையெல்லாம் சுற்றினாய். உன் முறை விசித்திரமானது. முன்வாசல் வழியாக இன்டர்வியூவுக்குப் போவோம். முடிந்ததும் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகத் திரும்பவும் உள்ளே நுழைவோம். "முன்னாடி உக்கார வச்சிப் பேசுதவன் சொல்லுததெல்லாம் சும்மாட்டி. நர்சுவ எங்கன உக்காந்து சோறு திங்காவ, அதப் பாக்கணும்" என்பாய். புனேயில் பிறந்து வளர்ந்தவள் நீ. மராத்தியில் காய்கறிக்காரனிடம் சண்டை போடுவாய், ஹிந்தியில் ஆட்டோக்காரனிடம். ஆனால் வீட்டுத் தமிழைத் திருநெல்வேலியிலிருந்து நேற்று வந்து இறங்கியவள் மாதிரிதான் பேசுவாய்.

முதலில் கோத்ரூட் பக்கம் ஒரு டாக்டர் தம்பதியின் நர்சிங் ஹோம். எட்டாவது படித்த பெண்களுக்கு வெள்ளை உடுப்பை மாட்டி, அவர்களையே சிஸ்டர் என்று கூப்பிட்டு, அவர்களையே ஊசி போட வைத்திருந்தார்கள். படித்த நர்ஸ் ஒருத்தி பெயருக்கு வேண்டும், அதற்குத்தான் நாம். டாக்டரம்மா நம் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேலை குறைவாக இருக்கும் நேரத்தில் மாடியில் சமையலுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்யணும், சப்பாத்தி தேய்க்கத் தெரியுமா என்று கேட்டாள். நீ முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் ஹிந்தியில் சொன்னாய்: "தெரியும் மேடம். எனிமா கொடுத்த கையோட தேய்ப்பேன், பரவாயில்லையா?" அந்த இன்டர்வியூ அத்தோடு முடிந்தது. வெளியே வந்து வடா பாவ் தின்றோம். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. நீ சிரிக்கவில்லை. உனக்கு உண்மையிலேயே அருவருப்பாக இருந்தது.

அடுத்தது அந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரி. பெயரைச் சொல்லாமல் நீதான் அப்படிக் கூப்பிட்டாய். உள்ளே நுழைந்ததும் செயற்கை நீரூற்று, பியானோ மாதிரி ஏதோ ஒரு இசை, தலை முதல் கால் வரை பளிங்கு. நர்சுகளுக்குத் தலைவியாக இருந்த மேடம் அதற்கு முன் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை பார்த்தவளாம். நம்மை அறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கச் சொன்னாள். சிரிக்கச் சொன்னாள். பல் தெரிய வேண்டாம், கண்ணில் சிரிப்பு தெரிந்தால் போதும் என்று திருத்தினாள். வார்டில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள் என்று நீ கேட்டதற்கு, "இங்கே நோயாளிகள் கிடையாது. அவர்கள் நம் விருந்தாளிகள்" என்றாள்.

பின்வாசல் வழியாகப் போனபோது துணி மூட்டைகள் அடுக்கிய அறையில் நான்கைந்து நர்சுகள் நின்றுகொண்டே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உட்கார இடம் இல்லை. நர்சுகள் சாப்பிடுவது விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாதாம். அதில் ஒருத்தியிடம் நீ கேட்டாய், டாக்டர் ஏதாவது தப்பாகச் செய்தால் சொல்ல முடியுமா என்று. அவள் சிரித்தாள். பல் தெரியாமல்.

"விருந்தாளியாம்" என்றாய் மொபெட்டை உதைத்துக்கொண்டே. "விருந்தாளிக்கு மூத்திரக் கொழா மாட்டியா படுக்க வப்பாவ? அந்தப் புள்ள சிரிச்சத பாத்தியாட்டி? வாயத் தச்சு விட்ட மாதிரி இருக்கு."

கடைசியில்தான் ஊருக்குள் இருந்த அந்தப் பழைய தர்ம ஆஸ்பத்திரி. வாசலில் ஸ்தாபகரின் சிலை, அதன் தோளில் புறா எச்சம். உள்ளே பினாயில், மூத்திரம், வேகவைத்த அரிசி எல்லாம் சேர்ந்த ஒரு நாற்றம். கையுறைகளைக் கழுவிப் பவுடர் போட்டுக் கொடியில் காயவைத்திருந்தார்கள். எனக்கு அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கப் பிடிக்கவில்லை. அப்போது நடைபாதையில் ஒரு சீனியர் சிஸ்டர், குள்ளமாக, ஒன்பது கஜம் புடவை கட்டினால் பொருந்தும் மாதிரி ஒரு மராத்திக்கார அம்மா, ஒரு சர்ஜனை நிறுத்தி வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் பிளேடைத் தட்டிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார், கழுவ வந்த மாவ்ஷியின் விரல் கிழிந்துவிட்டது. ஆயாக்களை மாவ்ஷி, சித்தி என்று கூப்பிடுகிற ஊர் இது. கத்தரியும் கத்தியும் பிடிக்கப் படித்தாயே, தட்டை யார் கழுவுவார்கள் என்று படிக்கவில்லையா என்று அந்த சிஸ்டர் கேட்டாள். சர்ஜன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு மாவ்ஷியிடம் போய் அவரே கட்டுப் போட்டார்.

நீ தூணில் சாய்ந்து நின்று முழுவதையும் பார்த்தாய். "இங்கனதான்" என்றாய்.

"இங்கேயா? நாத்தம் தாங்கல."

"நாத்தத்தக் கழுவிரலாம். அங்கன வாயத் தொறக்க முடியாதே. திட்ட முடியாத எடத்துல வேல பாக்கக் கூடாதுட்டி. அங்கன ஒரு தப்பு நடந்தா நீயும் சேந்து சிரிச்சுக்கிட்டு நிப்ப."

நீ தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனாய். நான் கண்ணாடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் அப்பாவை உனக்குத் தெரியும், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. வானவடி குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்பதை வைத்தே சட்டைக்குப் பொத்தான் வாங்குகிற மனிதர். "தர்ம ஆஸ்பத்திரின்னு சொன்னா பொண்ணு பாக்க வர்றவன் மூக்கப் பொத்திக்குவான்" என்றார். வந்தவர்களிடம் அவர் கண்ணாடி ஆஸ்பத்திரி என்றும் சொல்லவில்லை. "ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஆபீஸ் வேலை" என்றார். நர்ஸ் என்ற சொல் எங்கள் வரவேற்பறைக்குள் வந்ததே இல்லை. ஆனால் அந்த நர்சின் சம்பளத்தில்தான் புது சோபா வந்தது.

ஒரு வருடம் போல அங்கே இருந்தேன். சிரிக்கக் கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன். பிறகு அந்த ஆஸ்பத்திரியின் ஆண்டு விழா வந்தது. யாரோ ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று நர்சுகள் எல்லாரையும் லாபியில் இரண்டு வரிசையாக, கையில் ஆரத்தித் தட்டுடன் நிற்க வைத்தார்கள். என் வார்டில் ஓர் ஆட்டோ டிரைவரின் மனைவிக்குக் கர்ப்பப்பை எடுத்திருந்தது. அப்போதுதான் ரத்தம் ஏற்றத் தொடங்கியிருந்தேன். முதல் கால்மணி நேரம் பக்கத்தை விட்டு நகரக்கூடாது, அது நாம் முதல் வருடத்தில் படித்த பாடம். சொன்னேன். "ஐந்து நிமிட வேலை, மேடம் கூப்பிடறாங்க" என்று சூப்பர்வைசர் என் கையில் தட்டைத் திணித்து லிஃப்டில் தள்ளினாள்.

லாபியில் நின்றேன். பெரிய மனிதரின் கார் இன்னும் வரவில்லை. தட்டைப் பக்கத்தில் இருந்தவளின் தட்டுக்கு மேலேயே வைத்துவிட்டு மாடிப்படியில் ஓடினேன். அந்த அம்மாள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள், மார்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது, மூச்சு இழுத்தது. ரத்தத்தை நிறுத்தினேன், குழாயை மாற்றி சலைன் போட்டேன், டாக்டரைக் கூப்பிட்டேன். பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டாள். பாராட்டப்போகிறாள் என்று நான் நினைத்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவள் மேசையில் விழாவின் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் ஓர் இடைவெளி தெரிகிறது, அது அசிங்கமாக இருக்கிறது என்றாள். மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். நோயாளிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. அந்த விருந்தாளி மூன்றாம் வகுப்பு வார்டு விருந்தாளி. நான் அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதை நானே உணர்ந்தபோது பயந்துபோய் நேரே உன்னிடம் வந்தேன்.

நீ ஆறுதல் சொல்லவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, புது சோபாவில் என் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாய்.

"மாமா, இவ எங்கூட வேலைக்கு வாரா."

"அந்த தர்ம ஆஸ்பத்திரிக்கா? நாலு பேரு கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"ஒங்க மவ நர்சுன்னே நீங்க யார்ட்டயும் சொல்லுதது கெடையாது. சொல்லாத வேலய அவ எங்கன பாத்தா ஒங்களுக்கு என்ன மாமா?"

அப்பா பேப்பரை எடுத்து விரித்தார். அம்மா சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள், தன் சிரிப்புச் சத்தம் கேட்கக்கூடாது என்று. அடுத்த மாதம் நான் உன் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

அதைச் சொர்க்கம் என்று யாராவது சொன்னால் நீயே செருப்பைக் கழற்றுவாய். அங்கிருந்த டிரஸ்டிகளின் தர்மம் வேறு மாதிரி. அவர்களுக்கு ஏழைகள் வேண்டும், படத்தில் தங்கள் பக்கத்தில் நிற்பதற்கு. ஸ்தாபகரின் பிறந்தநாளன்று ஆப்பிள் கொடுக்க வருவார்கள். ஒரு நோயாளியின் கையில் ஆப்பிளை வைத்துப் படம் எடுத்ததும், அதே ஆப்பிளை எடுத்து அடுத்த கட்டிலில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நீ போய் அந்தப் பழத்தை வாங்கி, ஒரு பெரிய கடி கடித்துவிட்டு, கட்டிலில் இருந்த கிழவரிடம் கொடுத்தாய். கடித்த பழத்தைத் திருப்பி வாங்க முடியாதே. அந்த டிரஸ்டி கேமராவைப் பார்த்தபடியே நின்றான். அன்றைக்கு மற்ற கட்டில்களுக்கும் பழம் வந்தது, ஆளுக்கு ஒன்று.

அங்கே நான் திட்டக் கற்றுக்கொண்டேன். மருந்தைத் தாமதமாக அனுப்பியவனை, ஸ்ட்ரெச்சரை இடித்தவனை, கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போன டாக்டரை. திட்டினால் நடந்தது. எல்லாம் நடக்கவில்லை, பாதி நடந்தது. வேறு எங்கேயும் அந்தப் பாதி நடக்காது என்பாய்.

பிறகு ஸ்தாபகரின் நூற்றாண்டு விழா வந்தது. கட்டடம் முழுவதும் பெயிண்ட். விழாவுக்குள் முடிக்கவேண்டிய அவசரத்தில் உன் வார்டின் சன்னல்களை எல்லாம் சாத்திவைத்து, கதவும் சட்டமும் ஒட்டிப்போகும்படி தடிமனாக அடித்துவிட்டுப் போனார்கள். வெளியிலிருந்து பார்க்க அழகாக இருந்தது. உன் வார்டு ஆண்கள் நெஞ்சுநோய் வார்டு. அதில் பாதிப் பேருக்கு டிபி. மழைக்காலம் வேறு. உள்ளே இருபத்துநாலு மணி நேரமும் இருமல் சுற்றிச் சுற்றி வந்தது.

நீ கேட்டாய், எழுதிக் கொடுத்தாய், நேரில் போய்ச் சத்தம் போட்டாய். கட்டடத்துக்குப் பொறுப்பான ஆள் வந்து சன்னலை அளந்துகொண்டு போனான். எதற்கு அளந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திறப்பதற்கு அளவு எதற்கு? இரண்டாவது தடவை வந்தபோது, இப்போது திறந்தால் பெயிண்ட் உரியும், வருட இறுதியில் பார்க்கலாம் என்றான். நல்ல முகமூடி கேட்டோம். துணியில் தைத்ததைக் கொடுத்தார்கள், அதில் டிரஸ்டின் முத்திரை மட்டும் எம்பிராய்டரி செய்திருந்தார்கள். மாதங்கள் போயின.

ஒரு நாள் மத்தியானம் நீ இரும்பு ஸ்டூலை எடுத்து ஒவ்வொரு கண்ணாடியாக உடைத்தாய். சத்தம் கேட்டு நான் பக்கத்து வார்டிலிருந்து ஓடி வந்தேன். நோயாளிகள் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழைக்காற்று உள்ளே வந்தது. பாரம்பரியக் கட்டடத்துக்குச் சேதம் விளைவித்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சூப்பரின்டெண்டென்டின் அறையில், என் முன்னால்தான் பதில் சொன்னாய்: "காத்து வரணும்னு உடைச்சேன் சார். அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு இருக்கு. நாளைக்கு உடைப்பேன்."

அதற்கு முன்பே உனக்கு இருமல் வந்திருந்தது. மழை என்றாய், தூசி என்றாய். நீ அப்படிச் சொன்னதை நான் நம்பவில்லை, நீயும் நம்பவில்லை. சோதனை முடிவு வந்தபோது அது சாதாரண மருந்துக்கு அடங்காத வகை என்று தெரிந்தது. டிரஸ்ட் என்ன சொன்னது தெரியுமா? உன்னிடம் சொல்ல அவர்களுக்குத் தைரியம் இல்லை, என்னிடம் சொன்னார்கள். பஸ்ஸில் வந்திருக்கலாம், சந்தையில் வந்திருக்கலாம், வேலையில்தான் வந்தது என்று எப்படி நிரூபிக்க முடியும். நீ வாழ்நாளில் பஸ்ஸில் ஏறியதே இல்லை. மொபெட்தான்.

உன் அண்ணன் ஹிஞ்சேவாடியிலிருந்து கம்பெனி வண்டியிலேயே ஓடி வந்து உன்னைக் கண்ணாடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். என்ன நோய் என்று கேட்டதும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மிகவும் மரியாதையாக நிறுத்தினார்கள், சக்கர நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்து. அவர்களுக்கு மற்ற விருந்தாளிகளைப் பற்றிய கவலை. திரும்ப நம் இடத்துக்கே வந்தாய். பெண்கள் பகுதியின் ஓரத்தில், தோட்டத்தைப் பார்த்த அறை. நான்தான் உனக்கு நர்ஸ். நீ மோசமான நோயாளி. ஊசி போடும்போதெல்லாம் என் கையைக் குறை சொன்னாய்.

எலும்பாக இளைத்துப்போன பிறகு ஒரு நாள், கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நீயும் அந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரியில சேர்ந்திருந்தா இப்ப நல்லா இருந்திருப்ப இல்ல?"

நீ கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "இருந்திருப்பேன்" என்றாய். "சிரிச்சுக்கிட்டு."

நல்ல பதில்தான். அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பதிலை நான் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. நீ எங்கேயோ ஒரு பளிங்குத் தரையில், பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு, ஆரத்தித் தட்டுடன் நின்றுகொண்டிருந்தால் எனக்குப் போதும். உன்னை ஞாயிற்றுக்கிழமைகளில் கிண்டல் செய்துகொண்டு இருந்திருப்பேன். உன் அளவுக்கு எனக்குச் சுத்தமான வெறுப்பு வரவில்லை.

அந்த மாதமே நீ போய்விட்டாய். இரங்கல் கூட்டத்தை விழா மண்டபத்தில் வைத்தார்கள். பெரிய பேனர். அதில் உன் படம் ஒரு மூலையில், டிரஸ்டிகள் ஏழு பேரும் நடுவில். மௌன அஞ்சலியின்போது தலைவரின் மொபைல் அடித்தது, அவர் அதை எடுத்து, கூட்டத்தில் இருக்கிறேன் என்று சொன்னார். பிறகு மைக்கில் உன்னைத் தியாகி என்றார். வெள்ளுடை தேவதை என்றார். நீ அந்த வெள்ளை உடுப்பில் வெற்றிலைக் கறை மாதிரி அயோடின் கறையோடு நடமாடியவள். அவர் உன்னைப் பார்த்ததே அந்த ஆப்பிள் அன்று மட்டும்தான்.

தோழி என்ற முறையில் என்னை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள். மராத்தியில் பேசினேன், மாவ்ஷிகளுக்கும் புரியவேண்டும் என்று. இவள் எதையும் தியாகம் செய்யவில்லை என்றேன். இவள் சன்னலைத் திறக்கச் சொன்னாள், நீங்கள் திறக்கவில்லை, அதனால் செத்தாள் என்றேன். யார் யாரிடம் கேட்டாள் என்று பெயர்களைச் சொன்னேன். நான்காவது பெயரில் மைக்கை அணைத்தார்கள். மைக் இல்லாமலே மீதியைச் சொன்னேன். பின்வரிசையில் மாவ்ஷிகள் எழுந்து நின்றார்கள். கைதட்டவில்லை, நின்றார்கள்.

மறுவாரம் எனக்குக் கராடி கிளைக்கு மாற்றல் வந்தது. அவர்களைப் பொறுத்தவரை அது தண்டனை. உன் வார்டின் சன்னல்கள் இப்போது திறக்கின்றன, எல்லாமே புதியவை. கீழே பித்தளைப் பலகையில் அதற்குப் பணம் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். பலகையைப் பார்க்கவில்லை, சன்னலைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தேன்.

என்னிடம் வந்து ஆறுதலாகப் பேசுகிறவர்கள், கோபத்தை விட்டுவிடு, மனசுக்கு நல்லது என்கிறார்கள். அப்பாகூட அதைத்தான் சொன்னார். இப்போதெல்லாம் எதிர்வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் "எங்க பொண்ணு நர்ஸ்" என்று அவரே கூப்பிட்டு அனுப்புகிறார். விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. அது என் வேலைச் சாமான்.

போன வாரம் இங்கே ஒரு புது டாக்டர், காதில் போனை வைத்துக்கொண்டு, எடை பார்க்காமல் ஒரு சின்னக் குழந்தைக்குப் பெரியவர்களின் அளவில் மருந்து எழுதினார். சீட்டைத் திருப்பி அவர் மேசையில் வைத்துத் திட்டினேன். மராத்தியில்தான் ஆரம்பித்தேன், நடுவில் எப்போது மாறியது என்று தெரியவில்லை. அவருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் போனை வைத்தார், குழந்தையைத் தராசில் நிறுத்தினார், சீட்டைக் கிழித்து வேறு எழுதினார்.

மாவ்ஷி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அது என்ன பாஷை, நீங்கள் வீட்டுக்குப் போனில் பேசுவது அப்படி இல்லையே என்று கேட்டாள். தமிழ்தான் என்றேன். அவள் நம்பவில்லை. அவள் சந்தேகம் நியாயம்தான். எங்கள் வீட்டில் எல்லாரும் வேலூர்க்காரர்கள், எங்களில் யாருக்கும் உன்னை மாதிரிப் பேச வராது.